பெட்ஃபோர்ட் லொறி: காபரேற்றரைப் புதுப்பித்த பிறகும் கரும்புகை, என்ன செய்யலாம்?

கொடிகாமத்தான்:

பின்வளவுக் கொட்டிலில் நிற்கும் பெட்ஃபோர்ட் ஓ மாடல் லொறியை ஓட வைக்க ஏழு மாதமாக முயல்கிறேன். ஆறு சிலிண்டர், 3519 சிசி பெற்றோல் என்ஜின். அப்பா இதில் தேங்காயும் வெங்காயமும் ஏற்றினார். 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வின்போது சொந்தக்காரர்களையும் அவர்களுடைய தையல் இயந்திரங்களையும் ஏற்றினார். மறுவருடம் கொட்டிலுக்குள் போன லொறி பிறகு வெளியே வரவில்லை. சாரதி பக்கக் கதவில் இரண்டு துளைகள் இருக்கின்றன. அவற்றை அடைக்கும் எண்ணம் எனக்கு இல்லை, அந்தக் கதை இங்கே தேவையும் இல்லை.

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. இனி விடயத்துக்கு வருகிறேன்.

காபரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு விடும் பாகம்) ஸெனித் கொம்பனியுடையது. உடலில் உள்ள எழுத்துகள் தேய்ந்து ‘விஐ’ மட்டும்தான் தெரிகிறது. முழுவதையும் கழற்றினேன். இரண்டு நாள் பெற்றோலில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்தேன், கொம்பிரசர் காற்றால் ஒவ்வொரு துளையையும் ஊதினேன். இங்கிலாந்திலிருந்து திருத்தப் பொதி ஒன்றைத் தருவித்தேன். அதில் வந்த பேப்பர் கஸ்கெற்றுகளும், கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை அடைக்கும் ஊசி வால்வும் புதிதாகப் போட்டாயிற்று. வால்வுக்கு அடியில் போடுவதற்கு ஒரு தடித்த வாஷரும் பொதியில் இருந்தது. பழைய வாஷர் அதில் பாதிதான் இருந்தது. பொருந்தியிருந்ததை ஏன் மாற்றுவான் என்று பழையதையே போட்டுவிட்டேன்.

என்ஜின் வெளிக்கிடுகிறது, அது பெரிய சந்தோஷம். ஆனால் புகைபோக்கியிலிருந்து கறுப்பாகப் புகை வருகிறது. பத்து நிமிடத்தில் பிளக்குகள் ஆறும் அடுப்புக்கரி பூசியதுபோல ஆகிவிடுகின்றன. சும்மா நிற்கும்போது வேகம் ஏறி இறங்குகிறது. அழுத்தினால் பின்னால் வெடிச்சத்தம் கேட்கிறது, அயல் நாய்கள் எல்லாம் கூடிவிட்டன. சூடான பிறகு நிறுத்தினால் அரைமணி நேரத்துக்குத் திரும்ப வெளிக்கிடாது. ஐந்து லீற்றர் ஊற்றிச் சந்திவரை போய்வந்தேன், மிச்சம் கால் போத்தல். பெற்றோல் விற்கும் விலைக்கு இது கட்டுப்படியாகாது.

இன்னொன்று. பெற்றோல் குழாயில், காபரேற்றருக்குச் சற்று முன்னால் சின்னச் செப்புக்குழாய் ஒன்று பிரிந்து போகிறது. அதில் ஒரு குட்டி வால்வு. மறுமுனை சாரதி அறைக்குள் எதனோடும் இணைக்கப்படாமல் நிற்கிறது. படங்களில் அப்படி ஒன்றைக் காணவில்லை. அது என்ன?

---

ரொறன்ரோ செவி:

வாழ்த்துகள் அண்ணா. என்னிடம் 1954 செவ்ரொலெற் 3100 இருக்கிறது. 235 கன அங்குல ஆறு சிலிண்டர், ரொச்செஸ்ரர் பி காபரேற்றர். பெட்ஃபோர்டும் செவ்ரொலெற்றும் ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பம்தான், ஆகவே ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் கரும்புகை வந்தது. என்னுடையதில் மேல்மூடி வளைந்திருந்தது, முன்பு யாரோ திருகாணிகளை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். இழுவை நேரத்தில் கூடுதல் பெற்றோல் விடும் சிறு பிஸ்ரனும் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் பாருங்கள்.

அதற்கு முன் எளிதான ஒன்று: கலவைத் திருகாணியை மெதுவாக முழுவதும் உள்ளே திருகி, பின் ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். உள்ளே போகப் போகப் பெற்றோல் குறையும். பாதிப் புகை அதிலேயே நின்றுவிடும்.

---

பழைய ஸ்பனர்:

தம்பி கொடிகாமத்தான், முதலில் அந்தக் குட்டி வால்வைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கரும்புகைக்கு விடை அங்கேதான் தொடங்குகிறது.

1990 ஜூனுக்குப் பிறகு, போர்க்காலத் தடையால், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. களவாக வந்தது போத்தல் கணக்கில் விற்றது. எனவே எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மோட்டார் சைக்கிள், மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, உங்கள் அப்பாவின் லொறி எல்லாம்தான். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் ஆஸ்பத்திரியில் எறியும் சேலைன் போத்தல் ஒன்றைச் சாரதி அறைக்குள் தொங்கவிட்டு, அதில் கால் போத்தல் பெற்றோல் வைத்திருப்போம். குட்டி வால்வைத் திறந்து அந்தப் பெற்றோலில் வெளிக்கிட வைப்போம். சூடு பிடித்தவுடன் அதை மூடிப் பெரிய தாங்கியிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு வந்து காபரேற்றரின் கிண்ணத்தை நிரப்பிவிட்டு நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் காலை கைப்பிடி சுற்றியே தோள் கழன்றுவிடும். இது நாங்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. பெர்குசன் உழவு இயந்திரங்களில் மண்ணெண்ணெய் வகையில் ஓடுபவை இரட்டைத் தாங்கியோடுதான் வந்தன. நாங்கள் சேலைன் போத்தலில் செய்தோம், அவ்வளவே.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். நீங்கள் காபரேற்றரைக் கழுவியிருக்கிறீர்கள், ஆனால் அதை யார் என்ன செய்து வைத்தார்கள் என்று பார்க்கவில்லை. அது இன்னும் மண்ணெண்ணெய்க்குத்தான் காத்திருக்கிறது.

அந்த மெல்லிய வாஷரைப் பாருங்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைவிடப் பாரமானது. கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவை அதில் உயர்ந்து மிதக்கும், ஊசி வால்வு நேரத்தோடு மூடிவிடும், கிண்ணத்தில் மட்டம் குறைந்துபோகும். அதைச் சரிக்கட்ட நாங்கள் வாஷரைத் தேய்த்து மெல்லியதாக்கினோம், அப்போது வால்வு மேலே ஏறி மட்டம் உயரும். நீங்கள் அதே வாஷரைப் போட்டுப் பெற்றோலை விட்டிருக்கிறீர்கள். மட்டம் அளவுக்கு மேல் நிற்கும், கேட்காமலே பெற்றோல் வழியும். பொதியில் வந்த தடித்த வாஷரைப் போடுங்கள். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் என்ஜினை நிறுத்தி, கிண்ணத்தைச் சிந்தாமல் இறக்கி, விளிம்பிலிருந்து பெற்றோல் எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நீளப் போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் தனியே இறங்கும் வகைதானே உங்களுடையது? எழுத்து தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது பெரிய ஜெற், அதாவது பெற்றோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பித்தளைத் துண்டு. அதன் துளையை நிச்சயம் பெரிதாக்கியிருப்பார்கள். தையல் ஊசியின் முனையைச் சப்பையாகத் தீட்டி, விரலால் உருட்டி உருட்டித் துளைப்போம். யார் செய்தது என்று கேட்காதீர்கள், அந்த ஐந்து வருடத்தில் நானே எத்தனை ஜெற்றைக் கெடுத்தேன் என்று எண்ணிக்கை இல்லை. ஜெற்றில் அடித்த எண்ணை நம்ப வேண்டாம். எண் பழையது, துளை புதியது.

ஸெனித்தில் இரண்டு ஜெற் ஏன் வைத்தார்கள் என்று தெரிந்துகொண்டால் உங்கள் நோய் விளங்கும். பிரான்ஸில் லியோன் நகரத்து பாவெரே என்பவரின் யோசனை அது. பெரிய ஜெற் நேரே உறிஞ்சப்படுகிறது, வேகம் கூடக்கூடக் கலவை கனத்துக்கொண்டே போகும், அதாவது காற்றோடு ஒப்பிடப் பெற்றோல் கூடும். மற்ற ஜெற் திறந்த ஒரு சிறு கிணற்றுக்குள் பெற்றோலை விடுகிறது. உறிஞ்சல் எவ்வளவு கூடினாலும் அதன் வழியாக வருவது மாறாது, ஆகவே வேகம் கூடும்போது அதன் பங்கு மெலிந்துகொண்டு போகும். ஒன்று கனக்க மற்றது மெலிய, மொத்தம் சமமாக நிற்கிறது. நாங்கள் பெரிய ஜெற்றை மட்டும் துளைத்தோம். அந்தச் சமநிலை போய்விட்டது. மண்ணெண்ணெயில் பாதி ஆவியாகாமல் வீணாகப் போனதால் அப்போது அது தெரியவில்லை.

ஜெற்றைச் சோதிக்க ஒரு வழி. எங்காவது ஒரு சேலைன் போத்தல் எடுங்கள், மறுபடியும் அதே போத்தல்தான். உயரத்தில் தொங்கவிட்டு, குழாயின் நுனியில் ஜெற்றைச் செருகி, 500 மில்லிலீற்றர் தண்ணீர் வடிய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். அதே எண் அடித்த புதிய ஜெற்றை வாங்கி அதே உயரத்தில் அதே சோதனை. வித்தியாசம் கையில் வந்துவிடும். பழையதில் ஈயம் உருக்கி அடைத்து மறுபடி துளைப்பவர்கள் உண்டு. ஒரு நாள் சோதனைக்குச் சரி, ஓட்டுவதற்கு வேண்டாம்.

மூன்றாவது, சவர்க்காரம். கஸ்கெற் இல்லாத காலத்தில் கசிவை அடைக்கச் சலவைச் சவர்க்காரத்தைப் பிசைந்து பூசினோம். ஏன் சவர்க்காரம்? அது பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் கரையாது. அதே காரணத்தால்தான் நீங்கள் இரண்டு நாள் பெற்றோலில் ஊறவைத்தும் போயிருக்காது. கிண்ணத்துக்குள் திருகாணிகளால் பிடித்திருக்கும் கட்டையைக் கழற்றினீர்களா? அதற்குப் பின்னால் இருக்கும் காற்றுத் துவாரங்களைப் பாருங்கள். கொதிநீரில் போட்டெடுத்தால் சவர்க்காரம் விட்டுவிடும். கோஸ்ரிக் சோடாவில் மட்டும் போடாதீர்கள், உடல் துத்தநாகக் கலவை, அரித்துவிடும். பித்தளைச் சாமான்களுக்குப் புளி போடலாம், உடலுக்கு அதுவும் வேண்டாம்.

சூடானபின் வெளிக்கிடாததற்கு வேறு காரணம். புகைக் குழாயையும் உள்ளெடுக்கும் குழாயையும் சுற்றித் தகரம் ஏதாவது கட்டியிருக்கிறதா? மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும் என்று அப்படிக் கட்டுவோம். பெற்றோலுக்கு அந்தச் சூடு கூடாது, நிறுத்தியவுடன் கிண்ணத்துக்குள்ளேயே கொதித்துப் பொங்கும். கழற்றி எறியுங்கள். தீப்பொறி நேரத்தையும் பின்னுக்குத் தள்ளியிருப்போம், மண்ணெண்ணெயில் என்ஜின் தட்டும் என்பதற்காக. வெடிச்சத்தத்தில் பாதி அதனால் இருக்கலாம்.

ரொறன்ரோத் தம்பி சொன்ன திருகாணி விடயத்தில் கவனம். ரொச்செஸ்ரரில் அவர் சொல்வது சரி. அங்கே திருகாணி கீழே, வண்ணத்துப்பூச்சித் தட்டுக்கு (மிதிக்கும்போது திறக்கும் தட்டு) அருகில் நிற்கிறது, கலவையையே கட்டுப்படுத்துகிறது. ஸெனித்தில் மேலே நிற்கும் திருகாணி காற்றைக் கட்டுப்படுத்துவது. அதை உள்ளே திருகினால் காற்றுக் குறையும், கலவை இன்னும் கனக்கும். அவர் சொன்னபடி செய்தால் புகை கூடும்.

இவ்வளவுக்கும் முன்பாக ஒயிலை மாற்றுங்கள். எரியாத மண்ணெண்ணெயும் இப்போது கழுவிக்கொண்டு போகும் பெற்றோலும் கீழே ஒயிலில்தான் சேர்ந்திருக்கும். அளவுகோலை எடுத்து மணந்து பாருங்கள்.

---

கோவை லேத்:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் வேலை ஓடவில்லை. நாங்கள் இங்கே எத்தனாலைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் பழைய வண்டிகளின் ரப்பரையும் தக்கையையும் தின்கிறது, இரண்டு மாதம் நிறுத்தினால் கிண்ணத்துக்குள் வெள்ளைப் பொடி பூக்கிறது. அங்கே மண்ணெண்ணெயிலேயே லாரி ஓட்டியிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்தது லேத் வேலை, அதைச் சொல்கிறேன். பழைய கார்புரேட்டரில் (காபரேற்றர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னியுங்கள்) பொதியை மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். வண்ணத்துப்பூச்சித் தட்டைத் தாங்கும் தண்டு ஓடும் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கும். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்த வழியாகக் காற்று நுழைகிறது, ஐடிலிங் (சும்மா நிற்கும்போது ஓடும் வேகம்) ஒருநாளும் சீராக இருக்காது. நிச்சயப்படுத்த வேண்டுமென்றால், என்ஜின் ஓடும்போது தண்டின் இரு முனையிலும் ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். வேகம் மாறினால் கசிவு அங்கேதான்.

தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு குட்டித் திருகாணிகளின் பின்முனையை அடித்து மலர்த்தியிருப்பார்கள். மலர்ந்ததை அரத்தால் தேய்க்காமல் திருப்பினால் தண்டுக்குள்ளேயே முறியும், பிறகு என்னைத் திட்டாதீர்கள். தட்டின் விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டிருக்கும், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கீறி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். துளையைப் பெரிதாக்கிப் பித்தளை புஷ் (தண்டைத் தாங்கும் சிறு குழல்) இறக்கி, தண்டுக்கு ஏற்றபடி ரீமர் (துளையை அளவாகச் சீவும் கருவி) விட்டால் முடிந்தது. திரும்பப் போடும்போது திருகாணிகளைக் கட்டாயம் மலர்த்துங்கள். ஒன்று கழன்றால் அது விழும் இடம் சிலிண்டர்.

அடிப்பகுதி ஃபிளாஞ்ச் (என்ஜினோடு பொருத்தும் விளிம்பு) வளைந்திருக்கும். கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து, 8 வடிவில் தேய்த்தால் மட்டமாகிவிடும்.

---

கொடிகாமத்தான்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஜெற் இங்கிலாந்திலிருந்து வர மூன்று வாரமானது.

தகரம் இருந்தது. பிஸ்கற் பேணியை வெட்டி, கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். துருவுக்கு அடியில் இன்னும் ஒரு ரோஜாப்பூவின் பாதி தெரிகிறது. இத்தனை நாள் அது லொறியோடு வந்த பாகம் என்று நினைத்து எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறேன்.

கட்டையை நான் முதல் தடவை கழற்றவில்லை. ஒரு திருகாணி அசையவில்லை என்பதால் விட்டுவிட்டேன், அதை எழுதவும் வெட்கமாக இருந்தது. இந்த முறை சூடாக்கிக் கழற்றினேன். பின்னால் மஞ்சளாக, கல்போல இறுகிய ஒன்று. கொதிநீரில் போட்டேன், தண்ணீர் நுரைத்தது. முப்பது வருடத்துக்குப் பிறகும் நுரைக்கிறது! இரண்டு காற்றுத் துவாரங்கள் முழுவதும் அடைபட்டிருந்தன.

சேலைன் போத்தல் கிடைப்பது இப்போது கஷ்டம், பிளாஸ்ரிக் பைதான் தருகிறார்கள். பையிலேயே செய்தேன். புதிய ஜெற் 500 மில்லிலீற்றருக்கு மூன்று நிமிடம் பத்து விநாடி எடுத்தது. பழையது ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. இரண்டிலும் ஒரே எண்தான் அடித்திருக்கிறது. மூன்று தடவை செய்தேன், ஓரிரு விநாடிக்கு மேல் மாறவில்லை.

தடித்த வாஷர் போட்டவுடன் மட்டம் இரண்டு மில்லிமீற்றர் இறங்கியது. மிதவையை வெந்நீரில் அமுக்கிப் பார்த்தபோது விளிம்பிலிருந்து ஒற்றைக் குமிழி வரிசை வந்தது. உள்ளே கொஞ்சம் பெற்றோல் குலுங்கியது. அதை முழுவதும் வெளியேற்றாமல் நெருப்புக் காட்டக்கூடாது என்று வாசித்திருந்தேன், அதனால் வெந்நீரிலேயே பல தடவை சூடாக்கி வடியவைத்தேன். பிறகு சாவகச்சேரியில் ஒரு பத்தரிடம் கொண்டுபோனேன். நகை செய்யும் மனிதர், மிதவையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது எந்த ஊர்ப் பதக்கம்?” என்று கேட்டார். பற்றுவைத்தபின் அவருடைய தராசிலேயே நிறுத்தோம், கூடியது அரைக் கிராமுக்கும் குறைவு. காசு வாங்கவில்லை.

தண்டு ஆடியது, கோவை நண்பர் சொன்னதுபோலவே. லேத் கடையில் பித்தளை புஷ் போட்டுத் தந்தார்கள். திருகாணிகளை மலர்த்தினேன், இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ரொறன்ரோ நண்பருக்கு: உங்கள் ஆலோசனையை அன்று மாலையே செய்துவிட்டேன், ஐயாவின் பதில் வருவதற்கு முன். அடுத்த வீட்டு அக்கா தோய்த்துப் போட்டிருந்த சேலைகளை உள்ளே எடுத்துக்கொண்டு ஓடினார். உங்கள்மேல் கோபம் இல்லை.

நேற்று விடியப்புறம் வெளிக்கிட வைத்தேன். கறுப்புப் புகை இல்லை. பிளக்குகள் பத்து நிமிடத்துக்குப் பிறகு மண்ணிறமாக இருந்தன. சும்மா நிற்கும்போது ஒரே சீராக ஓடுகிறது, ரேடியேற்றர் மூடிமேல் தேநீர்க் கோப்பை வைத்துப் படம் எடுத்தேன். சூடான பின் நிறுத்தினேன், உடனே மறுபடி வெளிக்கிட்டது. அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்தச் சத்தம் இல்லை, அப்பா ஓட்டும்போது இன்னும் கரகரப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பின்னால் வெடிக்கும் சத்தம் மட்டும் இறக்கத்தில் காலை எடுக்கும்போது ஒன்றிரண்டு வருகிறது. தீப்பொறி நேரத்தை இன்னும் தொடவில்லை.

---

ரொறன்ரோ செவி:

சேலைகளுக்கு என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் அண்ணா. அந்தத் திருகாணி விடயம் எனக்கும் பாடம். இங்கே எல்லாம் ஒரே மாதிரிதான் என்று நினைத்துவிட்டேன். அந்தத் தேநீர்க் கோப்பைப் படத்தைப் போடுங்கள்.

---

பழைய ஸ்பனர்:

நல்ல வேலை தம்பி. அந்த ஜெற் நேரங்களைக் காபரேற்றர் இலக்கத்தோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், யாருக்காவது உதவும்.

வெடிச்சத்தம் தீப்பொறி நேரத்தால்தான். டிஸ்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் பாகம்) பிடியைத் தளர்த்தி, ஒவ்வொரு தடவையும் நூலளவு முன்னே தள்ளி ஓட்டிப் பாருங்கள். ஏற்றத்தில் இழுக்கும்போது உள்ளே கல் குலுங்குவதுபோலத் தட்டினால் கூடிவிட்டது, கொஞ்சம் பின்னே எடுங்கள். அது சரிவந்த பிறகும் வெடித்தால் புகைக்குழாய் இணைப்பில் கசிவு பாருங்கள்.

துளைத்த ஜெற்றையும் மெல்லிய வாஷரையும் ஒரு பையில் போட்டு, ‘மண்ணெண்ணெய்’ என்று எழுதிச் சாரதி ஆசனத்துக்குக் கீழே வையுங்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு முழுவதும் நின்றவன் நான், சிரிக்க வேண்டாம்.

உங்கள் கடிதம் முழுவதையும் இரண்டு தடவை வாசித்தேன். ஒயில் மாற்றியதாக ஓர் இடத்திலும் இல்லை. மாற்றினீர்களா?

---

கொடிகாமத்தான்:

இப்போதுதான் அளவுகோலை எடுத்து மணந்தேன் ஐயா. நாளைக் காலை முதல் வேலை அதுதான்.